முதல் நினைப்பு பூஜ்யம்

மார்புநோய் உறுதிப்பாட்டு வாரியத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது யாரையும் அவசரப்படுத்தாது. வெர்லின் ஸ்லோன் தன் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து அனுப்பியபோது வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் மரம் பூத்திருந்தது. பதில் வந்தபோது அடுத்த வருஷத்துப் பூவும் கொட்டி முடிந்திருந்தது.

கடிதத்தைத் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தவள் அவர் மனைவி ஒனைடா. வெர்லினால் அங்கே போக முடியாது. படுக்கையறையில் ஆக்சிஜன் இயந்திரம் ஒன்று இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து அவர் மூக்குக்கு ஐம்பது அடிக் குழாய். அந்த ஐம்பது அடியில் அடுப்படிக்குப் போகலாம், கழிப்பறைக்குப் போகலாம், வராந்தாவின் கடைசிப் படி வரை போகலாம். அதற்கு மேல் ஓரடி வைத்தால் குழாய் காதைப் பிடித்து இழுக்கும். தபால் பெட்டி எண்பதடி தூரத்தில் இருந்தது. மிச்ச முப்பதடியும் ஒனைடாவின் ராஜ்யம்.

தோளில் பை மாதிரி மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகக்கூடிய சின்ன இயந்திரமும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்களுக்கு நோய் இருக்கிறது என்று வாரியம் எழுதிக் கொடுத்தால்தான் அது வரும். வெர்லின் முப்பத்தோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரைக்கு ஆணி இறக்கியவர். மலை தலையில் உட்கார்ந்துவிடாமல் இருக்கக் கல்லைத் துளைத்து இரும்புக் கம்பி செருகும் வேலை. துளைக்கும்போது கொட்டும் கல்தூள் நேராக முகத்தில்தான் விழும். இப்போது அறுபத்திரண்டு வயதில் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அவர் இரண்டு முறை உட்கார வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் கறுப்பு நுரையீரல் என்பது கிழக்குக் கென்டக்கி மலைகளில் நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும். வாரியத்துக்கு மட்டும் அது இன்னும் பரிசீலனையில் இருக்கிற விஷயம்.

கடிதம் சுருக்கமாக இருந்தது. "அன்புள்ள விண்ணப்பதாரரே, தங்கள் நெஞ்சுப் படம் வாரியத்தின் தகுதிபெற்ற வாசிப்பாளரால் வாசிக்கப்பட்டது. முடிவு: 0/1. வாரியத்தின்பால் தாங்கள் காட்டிவரும் ஆர்வத்துக்கு நன்றி."

"இது என்ன, பந்தாட்ட ஸ்கோரா?" என்றார் வெர்லின்.

"ஸ்கோரா இருந்தா நீ தோத்துட்ட," என்றாள் ஒனைடா.

அன்று மதியம் டிரெஸ்ஸா வந்தாள். வெர்லினுக்கு ஒன்றுவிட்ட தம்பியின் மகள். ஊர் மருத்துவமனையில் மூச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வந்து குழாயை மாற்றிவிட்டு, ஒனைடா வைக்கும் பீன்ஸையும் சோள ரொட்டியையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போவாள். கடிதத்தை வாங்கிப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது.

"பெரியப்பா, இது மார்க் இல்ல. நினைப்பு."

"யாரு நினைப்பு?"

"படத்தைப் பார்த்த டாக்டரோட நினைப்பு. நோய் இல்லைன்னா பூஜ்யம். இருந்தா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறும். கோட்டுக்கு முன்னாடி இருக்கறது அவரோட முடிவு. பின்னாடி இருக்கறது, ஒருவேளை இப்படியும் இருக்குமோன்னு அவருக்கு ஒரு சந்தேகம் வந்துதில்ல, அது."

"நம்ம ஆஸ்பத்திரி டாக்டர் என்ன போட்டாரு?"

"ஒண்ணு, கோடு, பூஜ்யம். நோய் இருக்கு, ஆனா ஒருவேளை இல்லாமலும் இருக்கலாம்."

"வாரியத்து டாக்டரு?"

"பூஜ்யம், கோடு, ஒண்ணு. நோய் இல்ல, ஆனா ஒருவேளை இருந்தாலும் இருக்கலாம்."

வெர்லின் கொஞ்ச நேரம் இதை மெல்ல மென்று பார்த்தார். "அப்படின்னா ரெண்டு பேருமே ரெண்டையும் நினைச்சிருக்காங்க."

"ஆமா."

"எது முன்னால வந்துச்சுங்கறதுலதான் தகராறு."

"ஆமா பெரியப்பா. ஒண்ணு முன்னால வந்தா நோயாளி. பூஜ்யம் முன்னால வந்தா வீட்டுக்குப் போங்கன்னு அர்த்தம்."

"நான் வீட்டுலதான இருக்கேன். வெளிய போகணும்னுதான கேட்டேன்," என்றார் வெர்லின்.

ஒனைடா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "அந்த டாக்டரு காபி குடிக்கறதுக்கு முன்னாடி படத்தைப் பார்த்தாரா, குடிச்சப்புறம் பார்த்தாரான்னு ஒரு கடுதாசி போட்டுக் கேளுடி."

அவளுக்குத் தெரியாது, அந்த டாக்டர் வாரியத்தின் ஆண்டு மலரில் இதற்குப் பதிலே சொல்லியிருந்தார். நாளொன்றுக்கு நானூறு படம் வாசிக்கிறவர் அவர். மூன்று மாநிலங்களுக்கு அப்பால் கடற்கரையோரம் குடியிருக்கிறார். பேட்டி கண்டவர், இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியம் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "நான் எந்தப் படத்தையும் பூஜ்யத்தோடுதான் தொடங்குவேன். உறையைப் பிரிக்கும் முன்பே பூஜ்யம் மனதில் வந்துவிடும். முன்முடிவு இல்லாத திறந்த மனம் என்பது இதுதான்." பக்கத்தில் அவர் படகில் நிற்கும் படமும் போட்டிருந்தார்கள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்தது. வெர்லின் செய்தார். உடனே வாரியம், அதாவது நான்கு மாதத்தில், நகரத்தில் இருக்கும் தன் சோதனைக்கூடத்துக்கு வந்து மூச்சுச் சோதனை செய்துகொள்ளும்படி அழைத்தது.

இரண்டரை மணி நேர வண்டிப் பயணம். டிரெஸ்ஸா மருத்துவமனையிலிருந்து ஆக்சிஜன் நிரப்பிய இரண்டு இரும்பு உருளைகளைக் கெஞ்சி வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டாள். வாரியத்துச் சோதனைக்கூடம் பளபளவென்று இருந்தது. வெர்லினைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, மூக்கில் கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு குழலைத் திணித்தார்கள். பச்சை உடை போட்ட ஓர் இளைஞன் வெளியே நின்று, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விடாதீங்க," என்று கத்தினான். குதிரைப் பந்தயத்தில் தன் காசைக் கட்டியவன்கூட அப்படிக் கத்தமாட்டான்.

ஊதி முடித்த வெர்லின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் கிடந்தார்.

"சார், இன்னும் முழு பலத்தோட ஊதணும்," என்றான் இளைஞன் மரியாதையாக. "இல்லைன்னா உங்க பலவீனம் செல்லாது."

"முழு பலம் இருந்தா நான் எதுக்குப்பா இங்க வர்றேன்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சார் சோதனை."

மூன்று முறை ஊத வேண்டும் என்பது விதி. முதல் தடவை நூற்றுக்கு நாற்பத்தொன்று, அடுத்தது முப்பத்தெட்டு, மூன்றாவது இருபத்தொன்பது. மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றான் இளைஞன். ஊதி ஊதிக் களைத்துப் போனால் குறையத்தானே செய்யும் என்றார் வெர்லின். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றான். ஒரு மணி நேரம் ஓய்வெடுத்து மறுபடி ஊதினார். முப்பது, முப்பது, முப்பது. இந்த முறை உள்ளேயிருந்து ஒரு மேலாளர் எழுந்து வந்தார். காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"மூணும் ஒரே மாதிரி இருக்கே. இது இயற்கையா இல்லையே," என்றார்.

வெர்லின் கையிலிருந்த குழலை மேஜைமேல் வைத்துவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

முடிவு வீட்டுக்கு வந்தது. "விண்ணப்பதாரர் சோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. எனினும், சோதனை முடிந்ததும் அவர் நெடிய பெருமூச்சு ஒன்றை விட்டதைப் பணியாளர் இருவர் கண்டனர். ஆகவே பெருமூச்சு விடும் திறன் நல்ல நிலையில் இருப்பதாக வாரியம் மகிழ்ச்சியுடன் பதிவுசெய்கிறது."

"பெருமூச்சு விட்டியா?" என்றாள் ஒனைடா.

"விட்டேன்."

"எதுக்கு விட்ட?"

"வேற எதை விட முடிஞ்சுது?"

ஒனைடாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் போனை எடுப்பாள். வாரியத்தைக் கூப்பிட்டு, இருபது நிமிஷம் பியானோ இசையைக் கேட்டு, கடைசியில் ஒரு பெண் குரலைப் பிடித்தாள். அந்தம்மா தங்கமான மனுஷி. மூச்சு முட்டுகிறவர்களின் மனைவிமாரோடு பேசிப் பேசிப் பழகிய குரல்.

"உங்க மேல உள்ள அக்கறைல சொல்றேம்மா," என்றாள் அவள். "படத்துல சந்தேகம் வரும். ஊதறதுல சந்தேகம் வரும். வாரியம் சந்தேகமே இல்லாம ஒத்துக்கற ஆதாரம் ஒண்ணுதான். நுரையீரலை நேர்ல பார்த்துடறது."

"தாராளமா பாருங்க. எப்ப கூட்டிட்டு வரணும்?"

"இல்லம்மா. அது பிரேதப் பரிசோதனைல பார்க்கறது."

ஒனைடா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள்.

"நான் சும்மா சொல்லலம்மா. அந்த வழில போனவங்க யாரும் இதுவரைக்கும் மேல்முறையீடே பண்ணினதில்ல. எல்லாரும் திருப்தியா இருக்காங்க."

அப்படித் திருப்தியடைந்தவர்களில் ஒருவர் ஹோபர்ட் நாப்பியர். இருபத்திரண்டு வருஷம் வெர்லினோடு ஒரே இயந்திரத்தில் நின்றவர். வெர்லின் துளைத்தால் ஹோபர்ட் கம்பி செருகுவார். ஹோபர்ட் துளைத்தால் வெர்லின் செருகுவார். தூளை மட்டும் இருவரும் சேர்ந்து தின்றார்கள். ஹோபர்ட்டின் விண்ணப்பத்தை வாரியம் மூன்று முறை தள்ளுபடி செய்தது. பிப்ரவரியில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்டபடியே அவர் போய்ச் சேர்ந்தார். நுரையீரலை எடுத்துப் பார்த்தார்கள். ஜூனில் அவர் பெயருக்கு வாரியத்திடமிருந்து கடிதம் வந்தது. "வாழ்த்துகள். தங்கள் நோய் ஐயந்திரிபற உறுதிசெய்யப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நன்றி."

கூடவே ஒரு பெட்டியும் வந்தது. உள்ளே தோளில் மாட்டும் ஆக்சிஜன் இயந்திரம், புத்தம் புதிதாக.

அந்தப் பெட்டியோடு ஹோபர்ட்டின் மனைவி மோசெல் ஒரு நாள் காலையில் வெர்லின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினாள். பெரிய உடம்புக்காரி. பெட்டியை வராந்தாவில் வைத்துவிட்டு இடுப்பில் கையூன்றி நின்றாள்.

"ஹோபர்ட்டுக்கு வந்துச்சு. அவருக்கு இப்ப தேவைப்படல," என்றாள்.

"திருப்பி அனுப்பலையா?" என்றார் வெர்லின்.

"கேட்டேன். பெற்றுக்கொண்டவரே நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் திருப்பி எடுப்பாங்களாம். அவரு செத்துட்டாருன்னேன். இறந்தது எங்களுக்குத் தெரியும்மா, அதனாலதான் அனுப்பினோம்னாங்க. சரி, கல்லறை நம்பரைத் தர்றேன், போய்க் கையெழுத்து வாங்கிக்கங்கன்னேன். அது வீட்டு விலாசம் இல்லைன்னு போனை வெச்சுட்டாங்க."

"சட்டப்படி இது எனக்குச் சேராது, மோசெல்."

"சட்டப்படி உனக்கு நோயே இல்ல. மாட்டிக்க."

வெர்லின் யோசித்துக்கொண்டு நின்றார். ஒனைடா யோசிக்கவில்லை. பழைய குழாயை அவர் காதிலிருந்து கழற்றிப் புதியதை மாட்டி, பையைத் தோளில் தொங்கவிட்டாள். வெர்லின் படி இறங்கினார். கடைசிப் படிக்கு அப்பால் கால் வைக்கும்போது வழக்கம்போலக் கழுத்தைச் சாய்த்து, இழுப்புக்காகக் காத்தார். இழுப்பு வரவில்லை. மெல்ல மெல்ல, நடுவில் நான்கு முறை நின்று, தபால் பெட்டிவரை போனார். அதைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. மூடிவிட்டு மறுபடியும் திறந்து பார்த்தார். வராந்தாவில் நின்ற இரண்டு பெண்களும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். மூவருக்கும் அழுகையாக வந்தது.

இதற்குப் பிறகு வெர்லின் வாரியத்தை மறந்துவிட்டிருக்கலாம். டிரெஸ்ஸாகூட அப்படித்தான் சொன்னாள். "கிடைச்சதை வெச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இரு பெரியப்பா. விசாரணைக்குப் போனா இதையும் பிடுங்கிப்பாங்க."

"ஹோபர்ட்டு பேர்ல மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்டி," என்றார் வெர்லின். "எனக்கு என் பேர்ல விடணும்."

விசாரணை மாவட்ட நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில். கீழே ஓர் அறிவிப்பு: "லிஃப்ட் பழுது. விண்ணப்பதாரர்கள் படிகளைப் பயன்படுத்தவும். மேலே வராதோர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகக் கருதப்படுவர்." முப்பத்தாறு படி. வெர்லினுக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது. ஒனைடா பின்னால் நின்று முதுகைத் தாங்கினாள். மாடியில் வாரியத்தின் எழுத்தர் விங்கேட் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் எழுதிவிடுவது அவர் வழக்கம். எழுதுவதற்கு முன் அதை யோசிப்பது அவர் வேலையில்லை. வெர்லின் கடைசிப் படியில் கால் வைத்ததும் அவர் எழுதினார்: "விண்ணப்பதாரர் மாடி ஏறினார்."

கூடம் முழுக்கச் சுரங்கக்காரர்கள். அவரவர் விசாரணைக்காக விடிகாலையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து, நாற்காலிகளில் விழுந்து கிடந்தார்கள். நாற்பது பேர் இருக்கலாம். சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. அதில் ஏழாவது விதி: "இருமல் நடவடிக்கைகளுக்கு இடையூறாகும். இருமுவோர் வெளியேற்றப்படுவர்."

வாரியத் தலைவர் டாக்டர் ஆல்டன் ப்ரெஸ்காட் மேடையில் இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். அவர்கள் தலையாட்டுவதற்காக வந்தவர்கள். டாக்டர் ப்ரெஸ்காட் எழுந்து தொண்டையைச் செருமினார். அது இருமலில் சேராது.

"நண்பர்களே," என்று காகிதத்தைப் பார்த்து வாசித்தார். "நமது வாரியம் பொறுப்பேற்ற நாளில் இந்த மாவட்டத்தில் ஆயிரத்து நூறு பேர் கறுப்பு நுரையீரலால் அவதிப்பட்டனர். இன்று பதினேழே பேர். மருத்துவ உலகம் கண்டுபிடிக்கத் திணறிய சிகிச்சையை நமது படிவங்கள் அளித்திருக்கின்றன. மருந்தில்லை, அறுவையில்லை, பக்கவிளைவில்லை. ஒவ்வொரு முறை நாம் ஒரு விண்ணப்பத்தை நிராகரிக்கும்போதும் ஒரு மனிதன் ஆரோக்கியமடைகிறான் என்பதை எண்ணுகையில், எனக்கு மெய்சிலிர்க்கிறது."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். விங்கேட் எழுதினார்: மெய்சிலிர்க்கிறது.

பிறகு வெர்லின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் வேலை பார்த்த சுரங்கப் பகுதியின் தூசி அளவுகளை விங்கேட் வாசித்தார். முப்பத்தோரு வருஷமும் ஒரே மாதிரி, ஒரு கனமீட்டர் காற்றுக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறவேயில்லை.

"இன்னைக்குக் காலையில இந்தக் கூடத்துலயும் அளந்தோம்," என்றார் டாக்டர் ப்ரெஸ்காட். "பத்துல மூணு. அதாவது மிஸ்டர் ஸ்லோன், நீங்க வேலை செஞ்ச இடத்தைவிட இந்த ரூம் மூணு மடங்கு தூசி. இங்க உக்காந்திருக்கற நான்தான் பயப்படணும்."

உறுப்பினர்கள் சிரித்தார்கள். வெர்லின் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அந்தக் கணக்கு எப்படி வந்துச்சுன்னு சொல்லட்டுமா டாக்டர்?"

"சொல்லுங்க."

"தூசி அளக்கற பம்ப்பை இடுப்புல கட்டிக்கிட்டு வேலை பார்க்கணும். அதுதான் முறை. ஃபோர்மேன் வருவாரு. எண் ஏறிச்சுன்னா சுரங்கத்தை மூடிருவாங்க, அப்புறம் எல்லாரும் வீட்டுல உக்காந்து சுவரைப் பார்க்கலாம்பாரு." மூச்சுக்காக நின்றார். "நான் அதைக் கழட்டி என் தூக்குவாளிக்குள்ள வெச்சு மூடிருவேன். ஷிஃப்ட்டு முடிஞ்சதும் எடுத்துக் குடுத்துருவேன். முப்பத்தோரு வருஷம். யாரும் என் கையைப் பிடிச்சு வைக்கல. நானே வெச்சேன். இங்க உக்காந்திருக்கறவங்களும் அதைத்தான் பண்ணினாங்க."

பின்னால் நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அதனால நீங்க வெச்சிருக்கறது என் தூக்குவாளியோட கணக்கு," என்றார் வெர்லின். "அது தப்புன்னு நான் சொல்லல. உள்ள சோள ரொட்டியும் ஒரு வெங்காயமும்தான் இருந்துச்சு. தூக்குவாளிக்கு நோய் இல்ல. நான் ஒத்துக்கறேன். நோய் எனக்கு."

டாக்டர் ப்ரெஸ்காட்டின் முகம் மலர்ந்துவிட்டது. "பொய்யான அளவைக் குடுத்ததா வாக்குமூலம் குடுக்கறீங்க."

"குடுக்கறேன்."

"அப்ப உங்க பேச்சை வாரியம் நம்ப முடியாது."

"அளவை?"

"அளவு பதிவாகி இருக்கே, மிஸ்டர் ஸ்லோன். பொய்யா இருந்தாலும் அது பதிவு. நீங்க சொல்றது உண்மையாவே இருந்தாலும் அது வெறும் பேச்சு. வாரியம் பதிவை வெச்சுத்தான் நடக்க முடியும்."

விங்கேட் அதையும் எழுதினார். எழுதும்போதுதான் தலைவரின் கண் வெர்லின் தோளில் தொங்கிய பைமேல் போனது.

"அது வாரியத்து இயந்திரமாச்சே. யாரோடது?"

"ஹோபர்ட் நாப்பியரோடது."

"அவர் எங்க?"

"குன்று மேல. தேவாலயத்துக்குப் பின்னாடி. மூணாவது வரிசை."

"செத்தவருக்கு எதுக்கு ஆக்சிஜன்?"

"அதை உங்ககிட்டதான் கேக்கணும்னு இருந்தேன் டாக்டர். அனுப்பினது நீங்க."

கூடத்தில் யாரோ முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கறுப்பு நுரையீரல்காரர்கள் சிரித்தால் அது சிரிப்பாக முடியாது. நாற்பது நெஞ்சுகளும் பிடித்துக்கொண்டன. கூடம் முழுக்க இருமல், ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர், ஜன்னல் கண்ணாடி அதிர்கிற இருமல்.

"ஏழாவது விதி," என்று டாக்டர் ப்ரெஸ்காட் மேஜையைத் தட்டினார். "இருமறவங்க எல்லாரும் வெளிய போங்க."

யாரும் எழவில்லை.

"வெளிய போங்கன்னு சொல்றேன்."

பின் வரிசையில் ஒரு கிழவர் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார். "நாங்க இறங்கறதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், டாக்டர். நீங்க முன்னால போங்க. நீங்கதான் வேகம்."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. வெர்லின் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ஸ்லோன், அந்த இயந்திரத்தைக் கழட்டி இந்த மேஜைமேல வைங்க. அது இல்லாம நீங்க எப்படி இருக்கீங்கன்னு வாரியம் கண்ணால பார்க்கட்டும்."

கூடம் அடங்கிவிட்டது. ஒனைடா பாதி எழுந்துவிட்டாள். வெர்லின் குழாயைத் தொட்டுப் பார்த்தார், இடத்தில்தான் இருக்கிறதா என்று. பயமாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்ன ஹோபர்ட்டின் குரல் காதில் கேட்டது. பயத்துக்கும் மேலே, முப்பத்தோரு வருஷமாக யாரிடமும் காட்டாத ஒரு கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"கழட்டமாட்டேன்," என்றார்.

"இது வாரியத்தோட உத்தரவு."

"கேட்டுக்கிட்டேன். கழட்டமாட்டேன். செத்தாத்தான் நம்புவேன்னு சொல்ற இடத்துல சாகறதுக்கு நான் வரல. விங்கேட்டு, எழுதறீங்களா?"

"எழுதறேன்," என்றார் விங்கேட்.

"டாக்டர், ஒரு மணி நேரமா உங்களை அந்த ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்கும் ஒரு வாசிப்பு வந்திருக்கு. பூஜ்யம், கோடு, பூஜ்யம்." நின்று, மூச்சு வாங்கி, முடித்தார். "நெஞ்சுல ஒண்ணும் இல்ல. எனக்கு ரெண்டாவது நினைப்பும் வரல."

விங்கேட் பழக்க தோஷத்தில் அதையும் எழுதிவிட்டார். தலைவர் நெஞ்சு, 0/0, என்று வாரியத்தின் நிரந்தரப் பதிவேட்டில் மையால் ஏறிவிட்டது. ஏறிய பதிவை அழிக்க வாரியத்தில் விதி இல்லை. டாக்டர் ப்ரெஸ்காட் காகிதங்களை வாரிக்கொண்டு, உறுப்பினர்கள் பின்தொடர, படியிறங்கிப் போனார். பதிவேட்டின் கடைசி வரி: "இருமுவோர் அமர்ந்திருந்தனர். வாரியம் வெளியேறியது."

கதை என்றால் இங்கே வெர்லின் ஜெயித்திருக்க வேண்டும். வாரியத்தில் அப்படியெல்லாம் நடக்காது. ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. 0/1 அப்படியே இருந்தது. காரணங்கள்: விண்ணப்பதாரர் மாடி ஏறினார், பெருமூச்சு விட்டார், ஓர் அவையைச் சிரிக்கவைக்கும் அளவுக்கு அவரிடம் மூச்சு இருக்கிறது.

ஒனைடா அதைப் படித்துவிட்டு நான்காக மடித்து அடுப்பில் போட்டாள். ஆனால் அந்த விசாரணையை நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னதை நானூறு பேர் கேட்டிருந்தார்கள். அந்தக் கோடையில் மூன்று பள்ளத்தாக்குகளில், செத்தவர்கள் பெயருக்கு வந்து பரணில் கிடந்த பெட்டிகளை விதவைகள் இறக்கினார்கள். மோசெல் தன் வண்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். யாரிடமும் அவள் அனுமதி கேட்கவில்லை.

செப்டம்பரில் ஹோபர்ட் நாப்பியருக்கு ஒரு கடிதம் வந்தது. மோசெல் உறையைப் பிரிக்காமல் வெர்லினிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் பிரித்துப் பார்த்தார். இயந்திரம் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை அதுவே கம்பியில்லாமல் வாரியத்துக்குச் சொல்லிவிடும் என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வெர்லின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குன்றுக்குப் புறப்பட்டார். வெளிக்கதவைத் தாண்டி, சாலையைத் தாண்டி, தேவாலயத்துக்குப் பின்னால் ஏறும் மண்பாதையில். வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து போனார். மேலே போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. மூன்றாவது வரிசையில் ஹோபர்ட்டின் கல்மேல் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சு திரும்பும்வரை காத்திருந்து, உரக்க வாசித்தார்.

"'அன்புள்ள திரு. நாப்பியர், தாங்கள் நாள்தோறும் ஒன்பது மணி நேரம் மூச்சு விட்டுவருவது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. இது தங்கள் மரணத்துடன் பொருந்தவில்லை. இதே நிலையில் தங்களைப் போன்ற இருபத்தாறு பேர் கண்டறியப்பட்டுள்ளனர். தாங்கள் குணமடைந்துவிட்டதாக வாரியம் கருதுகிறது. தங்கள் நோயுறுதிச் சான்று ரத்து செய்யப்படுகிறது. இயந்திரத்தைப் பெற்றுக்கொள்ள எமது அலுவலர் பதினான்காம் தேதி வருவார். தாங்கள் வீட்டில் இருக்கவும்.'"

வாசித்து முடித்ததும் வெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்து, மறுபடி சிரிப்பானது. "உன்னைப் பிழைக்க வெச்சுட்டாங்கடா ஹோபர்ட்டு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்பன் இல்லாதது அன்றைக்குப் போல என்றைக்கும் வலித்ததில்லை.

அப்புறம் பையிலிருந்து பென்சிலை எடுத்து, கடிதத்தின் பின்பக்கம் ஹோபர்ட்டின் கல்மேல் வைத்துப் பதில் எழுதினார். இறங்கிவந்து, வாரியத்தின் விலாசம் எழுதிய உறையில் போட்டு, ஒனைடாவிடம் கொடுக்காமல் தானே தபால் பெட்டியில் வைத்து, தபால்காரருக்காக அதன் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார்.

"ஐயா, மூச்சு விடுவது ஹோபர்ட் அல்ல. நான், வெர்லின் ஸ்லோன். மற்ற இருபத்தாறு பேரும் நாங்கள்தான். இயந்திரத்தைத் தருவதாக இல்லை. பதினான்காம் தேதி உங்கள் ஆள் வரட்டும். நான் வீட்டில் இருக்க மாட்டேன்."